மூக்கடைப்பு, கண் சிவப்பு: எந்தச் சொட்டு மருந்து, எத்தனை நாளைக்கு?

சளி பிடித்து இரண்டு இரவுகள் தூக்கமின்றிக் கழிந்தபின் மருந்துக்கடைக்கு வருபவர் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "மூக்கு உடனே திறக்க என்ன இருக்கிறது?" கண் சிவந்த நிலையில் திருமண வீட்டுக்கோ நேர்காணலுக்கோ கிளம்ப வேண்டியவரும் இதையே வேறு சொல்லில் கேட்கிறார். இரண்டு கேள்விகளுக்கும் என்னைப் போன்ற மருந்தாளுநர் அலமாரியிலிருந்து எடுத்துத் தரக்கூடியவை ஐந்தாறு இருக்கின்றன. அவற்றுள் மிக வேகமாக வேலை செய்வதையே பலரும் விரும்புகின்றனர். அதே குப்பிதான் மிகக் குறைந்த நாள்களுக்கு உரியது என்பது வாங்கும் நேரத்தில் யாருடைய கவனத்துக்கும் வருவதில்லை. எது நல்ல மருந்து என்று பொதுவாகக் கேட்பதைவிட, எத்தனை நாளைக்கு எது என்று கேட்பதே இங்கு பயனுள்ளது.

## தேர்வுக்கு முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, தொந்தரவு எத்தனை நாள் நீடிக்கும் என்பது. சாதாரணச் சளியில் மூக்கடைப்பு சில நாள்களில் தணியத் தொடங்கிவிடும். தூசு, பூஞ்சை, வீட்டுப் பிராணிகளின் முடி முதலியவற்றால் வரும் ஒவ்வாமையோ வாரக்கணக்கில், சிலருக்கு ஆண்டு முழுவதும் தொடரும். இரண்டாவது, பயன்படுத்துபவர் யார் என்பது: வயது, உயர் ரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, புராஸ்டேட் வீக்கம், குறுகிய கோணக் கண் அழுத்த நோய் (கிளாக்கோமாவின் ஒரு வகை), கர்ப்பம், ஏற்கெனவே உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகிய அனைத்தும் விடையை மாற்றும். மூன்றாவது, நிறுத்தும்போது என்ன நடக்கும் என்பது. நான்காவதை யாரும் கேட்பதில்லை; நான்தான் கேட்பேன்: வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கிறதா? விலையைக் கடைசியில் வைக்கலாம்.

## ரத்தக்குழாயைச் சுருக்கும் சொட்டும் ஸ்பிரேயும்

ஓட்ரிவின், நாசிவியான் போன்ற பெயர்களில் நாம் அறிந்தவை இவை. உள்ளே இருப்பது சைலோமெட்டசோலின் அல்லது ஆக்சிமெட்டசோலின். பெரியவர்களுக்கான கரைசலில் முன்னது 0.1 சதவீதமும் பின்னது 0.05 சதவீதமும் இருக்கும். குழந்தைகளுக்கானவற்றில் அதில் பாதி. மூக்கினுள் பக்கச் சுவர்களைப் போர்த்தியிருக்கும் சவ்வில் ரத்தம் நிறைந்து அது வீங்குவதே அடைப்புக்கு முக்கியக் காரணம். அதனால்தான் எவ்வளவு சிந்தினாலும் மூக்கு திறப்பதில்லை. இந்த மருந்துகள் அங்குள்ள ரத்தக்குழாய்களைச் சுருக்கி, சில நிமிடங்களில் வீக்கத்தைக் குறைத்துவிடுகின்றன. பலன் பல மணி நேரம், சிலருக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வரையிலும் நிற்கும். வேகத்தில் இவற்றுக்கு இணையான வேறு வழி இல்லை.

மறைந்திருக்கும் செலவு நாலாம் ஐந்தாம் நாளில் தலைகாட்டும். தொடர்ந்து சுருக்கப்பட்ட ரத்தக்குழாய்கள், மருந்தின் வேகம் இறங்கியதும் முன்பைவிட அதிகமாக விரிகின்றன. மூக்கு முன்பைவிட மோசமாக அடைக்கிறது. அதைச் சளி இன்னும் போகவில்லை என்று எண்ணி மறுபடியும் சொட்டு விடுகிறோம். சளி போய் ஒரு மாதமான பின்னும் தலையணைக்கு அடியில் குப்பியை வைத்துக்கொண்டு படுப்பவர்களுக்கு இருப்பது சளி அல்ல, மருந்தே உண்டாக்கிய மூக்கடைப்பு. 1940களிலேயே மருத்துவர்கள் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆகவேதான் ஆக்சிமெட்டசோலினுக்கு 3 நாள் என்ற வரம்பை அமெரிக்க உறைகள் அச்சிடுகின்றன. சைலோமெட்டசோலினுக்கு 5 முதல் 7 நாள் வரை சொல்லப்பட்டாலும், இரண்டையும் மூன்று நாளில் நிறுத்துவது என்று வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

இங்கே ஒரு சிறு கணக்கு. 10 மில்லி குப்பியில் ஏறக்குறைய 200 சொட்டுகள் இருக்கும். ஒவ்வொரு நாசியிலும் இரண்டிரண்டு சொட்டாக நாளுக்கு மூன்று முறை விட்டாலும் ஒரு நாளைக்கு 12 சொட்டு, மூன்று நாளைக்கு 36. அதாவது, ஒரே ஆள் சரியாகப் பயன்படுத்தியிருந்தால் குப்பியில் ஐந்தில் நான்கு பங்கு மிஞ்சியிருக்க வேண்டும். சளி பிடித்த அதே மாதத்தில் காலிக் குப்பியைக் காட்டி இன்னொன்று கேட்பவரிடம் நான் வேறெதுவும் விசாரிப்பதில்லை. மிஞ்சியதை வீட்டில் வேறொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. நாசியில் பட்ட முனை கிருமியையும் சேர்த்தே கொண்டுபோகும்.

இது சிறந்த தேர்வாகும் இடங்கள் இல்லாமல் இல்லை. சளியின் உச்சத்தில் தூங்க முடியாத ஓரிரு இரவுகள், காது அடைத்துக்கொள்ளும் நிலையில் தவிர்க்க முடியாத விமானப் பயணம், மூக்கில் ரத்தம் வடியும்போது மருத்துவர் சொல்லிச் செய்வது ஆகியவை அப்படிப்பட்டவை. கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமோ, குறுகிய கோணக் கண் அழுத்தமோ உள்ளவர்களும், மனச்சோர்வுக்கு மோனோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பு மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதை வாங்கக் கூடாது. குழந்தை மருத்துவர் எழுதித் தராமல் சிறு குழந்தைக்கு விடவே கூடாது. பெரியவர்களுக்கான குப்பியிலிருந்து "ஒரே ஒரு சொட்டு" விடுவதும் இதில் அடங்கும்.

## உப்புநீர்

வெறும் 0.9 சதவீத உப்புக்கரைசல். சொட்டாகவும் ஸ்பிரேயாகவும் கிடைக்கிறது. ரத்தக்குழாயைத் தொடுவதில்லை, கெட்டியான சளியை இளக்கி, தூசியையும் ஒவ்வாமைத் துகள்களையும் கழுவி வெளியேற்றுகிறது. உடனடி நிம்மதியை எதிர்பார்த்து வாங்குபவருக்கு ஏமாற்றமாகவே இருக்கும். ஆனால் நாள் வரம்பு இல்லை, பழக்கமாகிவிடும் அச்சம் இல்லை, கர்ப்பிணிக்கும் ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கும் தடையில்லை. வாயால் மூச்சு விடப் பழகாத கைக்குழந்தை மூக்கடைத்துப் பால் குடிக்கத் திணறும்போது, பால் கொடுப்பதற்குச் சற்று முன் விடத் தகுந்தது இதுவே.

செலவு மறைந்திருப்பது வீட்டிலேயே கரைத்து மூக்கைக் கழுவும் முறையில்தான். ஜல நேத்தி செய்பவர்கள் குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ அப்படியே ஊற்றிக்கொள்வது ஆபத்து. 2011-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தாக்கும் நெக்லேரியா ஃபவுலேரி என்ற அமீபாவால் இறந்தனர். குடித்தால் ஒன்றும் செய்யாத அந்த உயிரி, மூக்கின் வழியே ஏறினால் கொல்லும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, குறைந்தது ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தபின் ஆற வைத்து, லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்து அன்றன்றே பயன்படுத்தினால் இந்த அச்சமில்லை. அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் கடையில் கிடைக்கும் கரைசலை வாங்குவதே மேல்.

## ஸ்டீராய்டு ஸ்பிரே

புளூட்டிகசோன், மொமெட்டசோன், பியூடசோனைடு ஆகியவை இந்த வகை. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் குப்பியைத் திருப்பித் தருபவர்கள் உண்டு; அவர்களே ரத்தக்குழாயைச் சுருக்கும் சொட்டை மாதக்கணக்கில் அஞ்சாமல் விடுவதுதான் விந்தை. மூக்கில் அடிக்கும் இந்த அளவில், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. சவ்வின் அழற்சியையே இது தணிப்பதால், நாள்பட்ட ஒவ்வாமை மூக்கடைப்புக்கு முதல் தேர்வு இதுதான். நிறுத்தினால் மூக்கு திருப்பி அடிப்பதில்லை.

ஆனால் வேகம் குறைவு. முதல் பலன் தெரிய அரை நாளோ ஒரு நாளோ ஆகலாம். முழுப் பலனுக்கு ஒன்றிரண்டு வாரம் விடாமல் அடிக்க வேண்டும். மூன்றாம் நாளே "இது வேலை செய்யவில்லை" என்று நிறுத்துபவர்கள் பணத்தை வீணாக்கியவர்கள். விலை சொட்டு மருந்தைவிடச் சில மடங்கு அதிகம். எனினும் 120 முறை அடிக்கக்கூடிய குப்பி, நாசிக்கு இரண்டாக நாளுக்கு மொத்தம் நான்கு முறை அடித்தால் ஒரு மாதத்துக்கு வரும் என்பதால், நாள் கணக்கில் பார்த்தால் அத்தனை பெரிய வேறுபாடு இல்லை. மூக்கு வறட்சி, லேசான ரத்தக்கசிவு ஆகியவை இதன் தொல்லைகள். இவற்றிற்குப் பெரும்பாலும் அடிக்கும் முறையே காரணம்: முனையை நடுச்சுவரை நோக்கித் திருப்பாமல், வலக் கையால் இடது நாசியிலும் இடக் கையால் வலது நாசியிலும், வெளிப்புறம் பார்த்து அடிக்க வேண்டும். அடித்ததும் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். சிறுவர்கள் மாதக்கணக்கில் பயன்படுத்தினால் வளர்ச்சியை மருத்துவர் கண்காணிக்க வேண்டும். மருந்துச் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து இது.

## மாத்திரையும் ஆவியும்

சளி மாத்திரைகள் பலவற்றில் மூக்கடைப்புக்கென்று சேர்க்கப்பட்டிருப்பது ஃபினைலெஃப்ரின். வாய்வழியே உட்கொள்ளும்போது அது குடலிலும் ஈரலிலும் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. 2023 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, மாத்திரை வடிவில் இது மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில் அதை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்க அந்நிர்வாகம் முன்மொழிந்தது. அதே மாத்திரையில் உள்ள பாராசிட்டமால் காய்ச்சலையும், குளோர்ஃபெனிரமின் மூக்கொழுகலையும் குறைப்பதால், மூக்கும் திறந்ததாக நமக்குத் தோன்றுகிறது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. மூக்கடைப்புக்கான இன்னொரு மாத்திரை மருந்தான சூடோஎபெட்ரின் உண்மையாகவே வேலை செய்யும். ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும்.

நொச்சி இலையோ தைலமோ போட்டு வேது பிடிப்பது இதமானதுதான், சளி இளகும். மென்தால் மூக்கின் குளிர் உணர்வு நரம்பைத் தூண்டி மூச்சு தாராளமாகப் போவதாக உணர்த்துகிறதே தவிர, உண்மையில் உள்ளே போகும் காற்றின் அளவைக் கூட்டுவதில்லை. கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குழந்தையைக் குனிய வைப்பது வேண்டவே வேண்டாம். கற்பூரம் சேர்ந்த களிம்பும் இரண்டு வயதுக்குக் கீழ் கூடாது.

| வழி | பலன் தொடங்க | நாள் வரம்பு | நிறுத்தினால் | ஏற்ற இடம் |
|---|---|---|---|---|
| சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் | சில நிமிடம் | 3 நாள் | மீறினால் அடைப்பு கூடும் | சளியின் கடுமையான இரவுகள் |
| உப்புநீர் | மெல்ல | இல்லை | ஒன்றும் இல்லை | கைக்குழந்தை, கர்ப்பிணி, அனைவருக்கும் |
| ஸ்டீராய்டு ஸ்பிரே | அரை நாள் முதல் வாரம் வரை | மருத்துவர் சொல்லும் வரை | திருப்பி அடிக்காது | நாள்பட்ட ஒவ்வாமை |
| ஃபினைலெஃப்ரின் மாத்திரை | மூக்கடைப்புக்குப் பலன் இல்லை | — | — | மூக்கடைப்புக்காக வாங்க வேண்டியதில்லை |

ஏற்கெனவே சொட்டு மருந்தை விட முடியாமல் தவிப்பவர், ஒரே நாளில் இரண்டு நாசியிலும் நிறுத்திவிட்டு நள்ளிரவில் தோற்றுப்போவதைவிட, முதலில் ஒரு நாசியில் மட்டும் நிறுத்தி, அது தேறிய பின் மற்றொன்றில் நிறுத்துவது எளிது. காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் இந்த இடைக்காலத்தில் ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் துணைக்குத் தருவார்கள். சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை பிடிக்கும்.

## கண்: சிவப்பை நீக்குவதா, காரணத்தையா?

கண்ணில் இதே குடும்பத்தைச் சேர்ந்த நாஃபசோலின் அல்லது டெட்ராஹைட்ரோசோலின் அதே வேலையைச் செய்கிறது: வெள்ளை விழியின் மேல் விரிந்த ரத்தக்குழாய்களைச் சுருக்கி, சிவப்பைச் சில நிமிடத்தில் மறைக்கிறது. அதே வரம்பும் உண்டு. 72 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் மருந்து இறங்கியதும் சிவப்பு முன்னிலும் கூடும். இதைவிடப் பெரிய கேடு, அடியில் இருக்கும் நோயை அது மறைத்துவிடுவது. கண் அழுத்தம் திடீரென்று ஏறினாலும் கண் சிவக்கும். குறுகிய கோணம் உள்ளவருக்கு இந்தச் சொட்டே அந்த ஏற்றத்தைத் தூண்டவும் கூடும். ஆகவே இதற்கு நியாயமான இடம் மிகச் சிறியது: காரணம் தெரிந்த, வலி இல்லாத சிவப்பு, ஒரு நாளின் சில மணி நேரத்துக்கு மறைய வேண்டும் என்ற தேவை.

திரையைப் பார்த்துப் பார்த்துக் காய்ந்து சிவந்த கண்ணுக்குச் செயற்கைக் கண்ணீரே பொருத்தம். 0.5 சதவீதக் கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் சொட்டு எங்கும் கிடைக்கிறது. நாளுக்கு நான்கைந்து முறைக்கு மேல் தேவைப்பட்டால், கெடாமல் காக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு இல்லாத, ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிறு குழலாக வாங்குவது நல்லது. அரிப்புதான் முதன்மைத் தொல்லை என்றால், அது ஒவ்வாமை. அதற்கு ஓலோபட்டாடின் அல்லது கீட்டோட்டிஃபென் சொட்டு வேண்டும். நாஃபசோலின் அரிப்பின் வேரைத் தொடாது.

செயற்கைக் கண்ணீரில் தீங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023-ல் சென்னைக்கு அருகே தயாராகி அமெரிக்காவில் விற்பனையான ஒரு செயற்கைக் கண்ணீருடன் தொடர்புபடுத்தப்பட்ட, மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று, அந்நாட்டின் 18 மாநிலங்களில் 81 பேரைப் பாதித்தது; நால்வர் இறந்தனர், வேறு சிலர் பார்வையை இழந்தனர். கெடாமல் காக்கும் பொருள் சேர்க்காமல், பலமுறை பயன்படுத்தும் குப்பியில் அது அடைக்கப்பட்டிருந்தது. குப்பியின் முனை இமையிலோ விரலிலோ படாமல் விடுவதும், திறந்த தேதியை உறையில் எழுதி ஒரு மாதத்தில் எறிந்துவிடுவதும் வெறும் சம்பிரதாயம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மருந்துச் சீட்டு இல்லாமல் கேட்கப்படும் இன்னொன்று, கிருமிக்கொல்லியுடன் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த சொட்டு. "போன தடவை மெட்ராஸ் ஐக்கு இதுதான் கொடுத்தார்கள்" என்று பழைய குப்பியைக் காட்டுவார்கள். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டுக்கு நான் மேலே தந்த நற்சான்று இதற்குப் பொருந்தாது. கண்ணில் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரை வளரலாம். சிவப்புக்குக் காரணம் ஹெர்ப்பிஸ் வைரஸாக இருந்தால் கருவிழியே புண்ணாகிவிடும். விளக்குக் கருவியால் கண்ணைப் பார்த்த மருத்துவர் மட்டுமே இதைத் தர வேண்டும்.

வலி, பார்வை மங்கல், வெளிச்சம் தாங்காமை, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், தலைவலியோடு வாந்தி, கான்டாக்ட் லென்ஸ் அணிபவருக்கு வந்த சிவப்பு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் மேற்கண்ட எந்தக் குப்பியும் விடை அல்ல. அன்றே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாதாரணமாகச் சொட்டு விடும்போதும் லென்ஸைக் கழற்றி, விட்டபின் கால் மணி நேரம் பொறுத்து அணிய வேண்டும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள் மூலையை ஒரு நிமிடம் அழுத்தினால் மருந்து மூக்கு வழியே தொண்டைக்கு இறங்குவது குறையும். மூக்குச் சொட்டு, காதுச் சொட்டு, கண் சொட்டு மூன்றும் ஒரே டப்பாவில் கிடந்தால், மின்சாரம் போன இரவில் கை எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது.

## குழந்தை உள்ள வீடு

மேற்கண்ட ஒப்பீட்டில் வெற்றி பெற்ற எந்தக் குப்பியும் இந்த ஒரு காரணத்தால் தோற்கலாம். ரத்தக்குழாயைச் சுருக்கும் இந்தச் சொட்டுகளை விழுங்கினால், மருந்து மூளைக்குச் சென்று எதிர்விதமாக வேலை செய்கிறது: மயக்கம் போன்ற தூக்கம், மெதுவான இதயத் துடிப்பு, தாழ்ந்த ரத்த அழுத்தம், குறைந்த மூச்சு, குளிர்ந்த உடல். 2012 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட எச்சரிக்கை, 1985 முதல் அதுவரை ஒரு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் இவற்றை விழுங்கிய 96 நிகழ்வுகளைக் குறிப்பிட்டது. இறப்பு இல்லை, ஆனால் பாதிக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். வெறும் 1 முதல் 2 மில்லி, அதாவது 20 முதல் 40 சொட்டு, கடுமையான பாதிப்புக்குப் போதுமானது என்று அது சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில், இவ்வகை மருந்து 0.08 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு குப்பிக்கும் குழந்தை திறக்க முடியாத மூடி வேண்டும் என்று அந்நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. 0.05 சதவீதக் கரைசலில் 0.08 மில்லிகிராம் என்பது மூன்று சொட்டுக்குச் சற்று அதிகம்.

நம் கடைகளில் நான் கையாளும் குப்பிகளில் பெரும்பாலானவை சாதாரணத் திருகுமூடி கொண்டவை. அம்மாவின் கைப்பையும் தாத்தாவின் தலையணை அடியும் குழந்தைக்கு எட்டும் இடங்கள்தாம். ஆகவே, தவழும் வயதிலிருந்து பள்ளிக்குப் போகும் வயது வரையுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் உப்புநீரோ செயற்கைக் கண்ணீரோ போதுமென்றால் அதோடு நிறுத்திக்கொள்வதையே நான் சொல்வேன். வேறு வழியின்றி மற்றதை வாங்கினால் பூட்டிய அலமாரியில் வைத்து, மூன்று நாள் முடிந்ததும் மிஞ்சியதை எறிந்துவிட வேண்டும். மேலே போட்ட கணக்குப்படி ஐந்தில் நான்கு பங்கு மருந்தை எறிகிறோமே என்று மனம் வலிக்கத்தான் செய்யும்.

குழந்தை குப்பியை வாயில் வைத்ததாகச் சந்தேகம் வந்தால், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அழுது ஓய்ந்து தூங்குகிறது என்று விட்டுவிடவும் கூடாது, அந்தத் தூக்கமே நஞ்சின் முதல் அறிகுறியாக இருக்கலாம். 108-ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகும்போது குப்பியையும் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். என்ன மருந்து, எத்தனை சதவீதம், எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்ற மூன்றையும் மருத்துவர் அதிலிருந்துதான் அறிய முடியும்.